ஆணைகளால் நகர்ந்த ஊர்: தினிப்ரோ கரையில் ஒரு பழைய ஸ்வீடியக் குடியிருப்பு

உக்ரைனின் தெற்கே, கெர்சோன் மாகாணத்தின் பெரிஸ்லாவ் நகருக்கு வடகிழக்கில், தினிப்ரோ ஆற்றின் உயர்ந்த வலது கரையில் ஸ்மியீவ்கா என்ற ஊர் இருக்கிறது. இன்றைய வரைபடங்களில் ஒரே பெயரால் குறிக்கப்படும் இவ்வூர் உண்மையில் நான்கு ஊர்களின் சேர்க்கை. அவற்றில் மூன்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் குடியேறியவை. எல்லாவற்றுக்கும் மூத்ததான நான்காவது ஊர், பால்டிக் கடலின் தீவொன்றிலிருந்து தரைவழியே நெடும்பயணம் செய்து 1782இல் வந்து சேர்ந்த ஸ்வீடிய உழவர்களுடையது. அவர்கள் அதற்கு இட்ட பெயர் கம்மல்ஸ்வென்ஸ்க்பி. ‘பழைய ஸ்வீடிய ஊர்’ என்பது அதன் பொருள்.

2022 முதல் கெர்சோன் என்ற பெயர் போர்ச் செய்திகளோடு சேர்ந்தே நம் காதில் விழுகிறது. அதனால் இந்தக் கரையோர ஊர்களின் துயரம் அண்மையில் தொடங்கியது என்று எண்ணத் தோன்றும். கம்மல்ஸ்வென்ஸ்க்பியின் 240 ஆண்டு வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. படைகள் இவ்வூரைப் பலமுறை கடந்து போயிருக்கின்றன. ஆயினும் ஊரை மீண்டும் மீண்டும் கலைத்தவை, தொலைவிலிருந்த தலைநகரங்களில் கையெழுத்தான ஆணைகளே. குடியேறு என்றோ, வெளியேறு என்றோ, தானியத்தைக் கொடு என்றோ, நிலத்தைத் தண்ணீருக்கு விடு என்றோ ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஆணை வந்தது. ஏறக்குறைய எல்லா ஆணைகளோடும் ஒரு வாக்குறுதியும் வந்தது.

முதல் ஆணையின் கதை டாகோ தீவில் தொடங்குகிறது. இன்று எஸ்தோனியாவுக்கு உரிய, ஹீயுமா என்று வழங்கும் தீவு அது. இடைக்காலம் தொட்டே அங்கு ஸ்வீடியர் வாழ்ந்துவந்தனர். மீன் பிடித்தும் சிறு நிலங்களை உழுதும் வாழ்ந்த அம்மக்களுக்கு, பண்ணையடிமை முறைக்கு உட்படாத சுதந்திர உழவர்கள் என்ற தகுதி இருந்தது. ஸ்வீடிய அரசர்கள் அளித்த உரிமைப் பத்திரங்கள் அதற்குச் சான்றாக இருந்தன. 1721இல் நிஸ்டாட் உடன்படிக்கையின் வழியே எஸ்தோனியா முழுவதும் ருஷ்யப் பேரரசின் வசம் போயிற்று. பத்திரங்களைத் தந்த அரசு கடலுக்கு அப்பால் ஒதுங்கிவிட, அவற்றை மதிக்க வேண்டிய கட்டாயம் புதிய ஆட்சியின் கீழிருந்த பண்ணைப் பிரபுக்களுக்கு இல்லாமல் போனது. தீவின் பெரும்பகுதி ஸ்டென்போக் குடும்பத்தின் கைக்கு வந்தபின், உழவர்களுக்கும் பிரபுவுக்கும் இடையே வழக்குகள் நீண்டன.

அந்த வழக்கு முடிந்த விதம்தான் என்னை மிகவும் உலுக்குகிறது. இவர்கள் அடிமைகள் அல்லர் என்பதையே அவர்களுக்கு எதிரான வாதமாகத் திருப்ப முடிந்தது. பண்ணையடிமை நிலத்தோடு பிணைக்கப்பட்டவன். அவன் நிலத்தைவிட்டுப் போகவும் முடியாது, அவனை எளிதில் துரத்தவும் முடியாது. சுதந்திர உழவனோ குத்தகைதாரன் மட்டுமே. குத்தகை முடிந்தது என்று சொல்லிவிட்டால் அவன் வெளியேறத்தான் வேண்டும். தலைமுறை தலைமுறையாக எந்தப் பத்திரத்தைக் காத்துவந்தார்களோ, அதன் பெயராலேயே அவர்கள் வீடிழந்தார்கள்.

அதே காலத்தில் பேரரசி இரண்டாம் கேத்தரினுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1774இல் துருக்கியரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் கருங்கடலுக்கு வடக்கே பெரும் புல்வெளிப் பரப்பு ருஷ்யாவின் பிடிக்குள் வந்தது. அடுத்த ஆண்டே, அப்பகுதியில் தன்னாட்சியோடு வாழ்ந்த ஸபோரீஷியக் கொசாக்குகளின் கோட்டையை அவர் அழித்தார். அப்பரப்புக்கு ‘புதிய ருஷ்யா’ எனப் பொருள்படும் நொவொரோஸியா என்று பெயரிட்டு, அதை நிரப்பும் பொறுப்பை இளவரசர் பொத்தெம்கினிடம் ஒப்படைத்தார். அரசாணைகள் அதை ஆளில்லாப் புல்வெளியாகவே காட்டின. கொசாக்குகளும், அவர்களுக்குத் தெற்கே மந்தைகளோடு அலைந்த நோகாய் மக்களும் அங்கு வாழ்ந்ததைக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகே அது ஆளில்லா நிலமாயிற்று. எல்லையை உறுதிப்படுத்த வரி கட்டும் குடிகள் வேண்டும். டாகோ தீவிலோ நிலமிழந்த ஸ்வீடியர்கள் இருந்தனர். 1781இல் பிறந்த ஆணை இந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. நிலம் உண்டு, சில ஆண்டுகளுக்கு வரிவிலக்கு உண்டு, வீடுகள் கட்டித் தரப்படும் என்றார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஏறத்தாழ 1,000 பேர் தீவைவிட்டுப் புறப்பட்டனர். புறப்படுமுன் அவர்கள் கடைசி முறையாகக் கூடி வழிபட்டதாகச் சொல்லப்படும் இடம் இன்றும் ஹீயுமாவில் ‘சிலுவைக் குன்று’ என்று அழைக்கப்படுகிறது. தீவுக்கு முதன்முறை வருபவர்கள் கையில் கிடைத்த குச்சிகளால் ஒரு சிலுவை செய்து அங்கே நட்டுவிட்டுப் போவது வழக்கம். கால்நடையாகவும் வண்டிகளிலும் சென்ற கூட்டம் குளிர்காலத்தில் உக்ரைனின் போல்தாவா பகுதியில் தங்கியது. குழந்தைகளும் முதியவர்களும் வழிநெடுகப் புதைக்கப்பட்டனர். 1782 மே மாதம் தினிப்ரோ கரையை எட்டியபோது ஏறத்தாழப் பாதிப் பேரே மிஞ்சியிருந்தனர்.

அங்கே வீடுகள் இல்லை. மரமும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் புல்தான். கடல்காற்றிலும் பைன் காடுகளின் நிழலிலும் வளர்ந்தவர்கள், கோடையில் நிலம் வெடிக்கும் அந்தப் புல்வெளியில் மண்ணைக் குழித்துக் கூரை வேய்ந்து ஒண்ட வேண்டியிருந்தது. பழக்கமில்லாத நீர், பழக்கமில்லாத வெயில், வயிற்றுக்கடுப்பு என்று சாவு தொடர்ந்தது. தேவாலயப் பதிவேட்டின்படி 1783 மார்ச்சில் உயிரோடிருந்தவர்கள் 135 பேர். இரண்டே ஆண்டுகளுக்குள் ஆயிரம் பேர் 135 ஆகினர். இதில் எந்தப் போரும் இல்லை. எந்த எதிரியும் அவர்களைத் தாக்கவில்லை. ஓர் அரசு தான் சொன்னபடி கூரை போட்டுத் தராததன் விளைவு இது.

எஞ்சிய 135 பேரைக் கொண்டு ஒரு மொழி பிழைத்தது வியப்புக்குரியது. 1804ஐ அடுத்த சில ஆண்டுகளில் ஷ்லாங்கென்டோர்ஃப், ம்யூல்ஹௌஸன்டோர்ஃப், க்ளோஸ்டர்டோர்ஃப் என மூன்று ஜெர்மானிய ஊர்கள் பக்கத்திலேயே எழுந்தன. முதல் பெயருக்குப் பாம்பூர் என்று பொருள். அதன் ஸ்லாவிய வடிவமே ஸ்மியீவ்கா. புதிதாக வந்தவர்கள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். ஸ்வீடியருக்கென ஒதுக்கியிருந்த நிலத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதால் வெகுகாலம் பூசல் இருந்தது. லுத்தரன் ஜெர்மானியரோடு ஒரே சபையாகச் சேர்க்கப்பட்டதால், போதகர் வந்தால் அவர் ஜெர்மன் பேசுபவராகவே இருந்தார். ஆகவே ஸ்வீடியர்கள் தங்கள் வழிபாட்டைத் தாங்களே நடத்தப் பழகிக்கொண்டனர். போதகர் இல்லாத ஞாயிறுகளில், ஊரில் எழுத்தறிந்த ஒருவர், தீவிலிருந்து கொண்டுவந்த பழைய நூல்களிலிருந்து அருளுரையை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் ஸ்வீடியப் பாடல்களைப் பாடுவார்கள். வீட்டில் டாகோவின் வட்டார வழக்கும், தேவாலயத்தில் நூல்களின் ஸ்வீடிய மொழியும், சந்தையில் ஜெர்மன், உக்ரைனிய, ருஷ்ய மொழிகளும் என்று ஒவ்வொருவர் நாவிலும் பல மொழிகள் புழங்கின.

ஸ்வீடனும் பின்லாந்தும் இம்மக்களை அறிந்துகொண்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பின்லாந்தைச் சேர்ந்த மொழியறிஞர் ஹெர்மன் வெண்டெல் 1881இல் இங்கே வந்து அவர்களின் பேச்சு வழக்கைப் பதிவு செய்தார். அவ்விரு நாடுகளிலும் திரட்டிய நன்கொடையின் துணையோடு 1885இல் புனித யோவான் தேவாலயம் எழுந்தது. அதன்பின் மணியும் நூல்களும் கடிதங்களும் வரத் தொடங்கின. மறந்துபோன உறவினர் வீட்டிலிருந்து கடிதம் வந்தது போன்ற மகிழ்ச்சி ஊருக்குள் இருந்திருக்க வேண்டும். இந்தத் தொடர்புதான் நாற்பது ஆண்டுகள் கழித்து ஊரையே பெயர்த்தெடுத்துச் செல்லும் வழியாகவும் ஆயிற்று.

1917 புரட்சிக்குப் பின்வந்த உள்நாட்டுப் போரில் தெற்கு உக்ரைன் பல படைகளின் கைமாறியது. அதையடுத்து 1921 முதல் 1923 வரை பஞ்சம் நிலவியது. வறட்சி ஒரு காரணம், விதைக்கென வைத்திருந்ததையும் விடாமல் தானியத்தைப் பறித்துச் சென்றது மற்றொரு காரணம். ஸ்வீடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவி வந்து சேர்ந்ததால் ஊர் அந்தப் பஞ்சத்தைத் தாண்டியது. 1920களின் சோவியத் கொள்கை சிறுபான்மை மொழிகளுக்கு ஓரளவு இடம் தந்தது; ஸ்வீடிய மொழியில் பள்ளி நடந்தது. ஆனால் அந்தப் பத்தாண்டின் இறுதியில் கட்டாயத் தானியக் கொள்முதலும் மதத்தின் மீதான அடக்குமுறையும் இறுகின. போதகர் கிறிஸ்டோபர் ஹோஆஸும் ஊர் மக்களும் ஸ்வீடனுக்குப் போக அனுமதி கேட்டனர். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு மாஸ்கோ இசைந்தது.

1929 கோடையில் ஏறத்தாழ 880 பேர் தினிப்ரோ கரையைவிட்டுப் புறப்பட்டனர். கருங்கடல் வழியாக ருமேனியாவின் கான்ஸ்டான்ஸா துறைமுகம், அங்கிருந்து ரயிலில் ஐரோப்பாவைக் கடந்து ஜெர்மனி, பின் படகில் ஸ்வீடனின் ட்ரெல்லெபோரி. ஆகஸ்ட் 1 அன்று அவர்கள் கரையிறங்கியபோது பெருந்திரளான மக்கள் வரவேற்றனர். 148 ஆண்டுகளுக்கு முன் தீவை இழந்தவர்களின் கொள்ளுப்பேரர்கள், தாங்கள் ஒருநாளும் கண்டிராத ‘தாய்நாட்டை’ அடைந்திருந்தார்கள்.

வரவேற்புக்குப் பின் நடந்ததை ஸ்வீடனின் தோல்வி என்றே நான் கருதுகிறேன். வந்தவர்கள் கேட்டது ஒன்றே: எல்லோரும் சேர்ந்து ஓர் ஊராக வாழ நிலம். அவர்களுக்குக் கிடைத்ததோ, ஸ்வீடிய முறையில் உழக் கற்றுக்கொள்ளும் பொருட்டு நாடெங்கும் வெவ்வேறு பண்ணைகளில் பிரித்து அமர்த்தும் திட்டம். நல்லெண்ணத்தோடுதான் அது வகுக்கப்பட்டது. ஆனால் ஒன்றரை நூற்றாண்டாக ஒன்றாக இருந்ததே அவர்களின் ஒரே சொத்து என்பதை வகுத்தவர்கள் உணரவில்லை. அந்நேரம் பார்த்து உலகப் பொருளாதார மந்தமும் வந்தது. பிற்பாடு பலர் கோத்லாந்து தீவில் சிறு பண்ணைகள் பெற்று நிலைத்தனர்; சிலர் கனடா சென்றனர். ஏறத்தாழ 250 பேர் 1930, 1931 ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்துக்கே திரும்பினர். அவர்களை ஏமாளிகள் என்று பின்னாளில் சொன்னவர்கள் உண்டு. பொதுவுடைமைக் கட்சியினரின் பரப்புரை ஒரு பங்கு வகித்தது உண்மை. ஆயினும், அயலார் பண்ணையில் கூலியாளாக ஆங்காங்கே சிதறிக் கிடப்பதைவிடப் பழைய தெருவில் சேர்ந்திருக்கலாம் என்று எண்ணியதில் மூடத்தனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவர்கள் திரும்பிய காலம் மிகக் கொடியது. ஊர் கூட்டுப்பண்ணையாக மாறியது. அதற்கு ஸ்வீடியப் பொதுவுடைமைக் கட்சியின் பெயர் சூட்டப்பட்டது. 1932, 1933இல் உக்ரைன் முழுவதையும் வாட்டிய, ‘பட்டினியால் கொல்லுதல்’ என்ற பொருளில் ஹொலொடோமோர் எனப்படும் பெரும் பஞ்சம் இங்கும் வந்தது. நிறைவேற்றவே முடியாத கொள்முதல் இலக்குகளை விதித்து, இலக்கை எட்டாத ஊர்களின் உணவையெல்லாம் பறித்து, பட்டினி கிடந்தவர்கள் வேறிடம் போகாதபடி வழிகளையும் அடைத்ததால் விளைந்த பஞ்சம் அது. உக்ரைனில் அதில் இறந்தவர்கள் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மறுபடியும் ஸ்வீடனுக்குப் போக விரும்பியவர்கள் பெயர்களை எழுதிக் கொடுத்தபோது, அந்தப் பட்டியலே கைதுகளுக்கு ஆதாரமாயிற்று. 1937, 1938இல் பெரும் அடக்குமுறை வந்தபோது, வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பியவர்கள், வெளிநாட்டிலிருந்து கடிதம் பெறுபவர்கள் என்ற அடையாளமே ஆண்கள் பலரின் உயிரைக் குடித்தது. தேவாலயம் மூடப்பட்டது. ஸ்வீடிய மொழிப் பள்ளியும் முடிந்தது.

1941இல் ஜெர்மானியப் படை வந்தது. 1943இல் அது பின்வாங்கியபோது, எஞ்சிய ஸ்வீடியரையும் ஜெர்மானிய வம்சாவளியினரோடு சேர்த்து மேற்கே கொண்டுபோனது. போர் முடிந்தபோது சிலர் எப்படியோ ஸ்வீடனை அடைந்தனர். மற்றவர்கள் சோவியத் அதிகாரிகளிடம் அகப்பட்டு, வடக்கே கோமிப் பகுதியின் காடுகளில் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டனர். 1947இல் விடுபட்டு ஊர் திரும்பியவர்களின் வீடுகளில் வேறு குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. அண்டையிலிருந்த ஜெர்மானிய ஊர்கள் மக்களை முற்றாக இழந்திருந்தன.

அந்த வெற்றிடத்தையும் ஓர் ஆணைதான் நிரப்பியது. 1951இல் சோவியத் ஒன்றியமும் போலந்தும் எல்லையில் தலா 480 சதுர கிலோமீட்டர் நிலத்தைப் பரிமாறிக்கொண்டன. போலந்துக்குப் போன கார்பாத்திய மலைச்சரிவில் வாழ்ந்த போய்க்கோ எனப்படும் உக்ரைனிய மலைமக்கள், சொந்த ஊர்களைவிட்டுத் தெற்கு மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினர் வந்திறங்கியது இந்த ஸ்மியீவ்காவில். மரவீடுகளும் ஓடைகளும் சூழ வாழ்ந்தவர்கள், 1782இல் ஸ்வீடியர் நின்ற அதே மரமற்ற வெளியில் நின்றார்கள். இவ்வூரின் வரலாற்றை ஸ்வீடியருடையதாக மட்டும் எழுதுவது எனக்கு நியாயமாகப் படாததற்குக் காரணம் இதுதான்.

சில ஆண்டுகளிலேயே ஆறும் மாறியது. சற்றே கீழே, நோவா காஹோவ்காவில் கட்டிய அணை 1956இல் முடிந்து, 2,155 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீர்த்தேக்கம் உருவானது. புல்லறுக்கவும் மீன்பிடிக்கவும் ஊரார் பயன்படுத்திய தீவுகளும் கரையோரத் தாழ்நிலங்களும் மூழ்கின. கைம்மாறாக, வறண்ட தெற்குக்குப் பாசனம் கிடைத்தது. கெர்சோனின் தர்ப்பூசணியும் தக்காளியும் பெயர் பெற்றன. அந்தத் தண்ணீரை நம்பி ஒரு புதிய வாழ்க்கைமுறையே வளர்ந்தது.

உக்ரைன் விடுதலை பெற்றபின் கோத்லாந்து உறவுகள் மீண்டும் துளிர்த்தன. பழைய தேவாலயம் ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. 2008இல் ஸ்வீடன் மன்னர் பதினாறாம் கார்ல் குஸ்தாஃபும் அரசி சில்வியாவும் இங்கு வந்தபோது, டாகோ வட்டார வழக்கைப் பேசத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க மூதாட்டிகளே. பஞ்சத்திலும் கோமியின் குளிரிலும் பிழைத்தவர்கள் அவர்கள். ஆண்கள் சுடப்பட்ட ஊரில் மொழியைக் கடைசிவரை வைத்திருந்தவர்கள் பெண்களாக இருந்தது தற்செயலன்று.

2022 பிப்ரவரியில் தொடங்கிய ருஷ்யப் படையெடுப்பில் இப்பகுதியில் தினிப்ரோவின் இரு கரைகளும் சில நாட்களில் வீழ்ந்தன. ஆக்கிரமிப்பு ஏறத்தாழ எட்டு மாதங்கள் நீடித்தது. செப்டம்பரில் கெர்சோன் மாகாணத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாக மாஸ்கோ அறிவித்தது. கேத்தரின் இட்ட ‘நொவொரோஸியா’ என்ற பெயரை 2014 முதலே ருஷ்யத் தலைமை மீண்டும் பயன்படுத்திவந்தது. பாலங்களும் வழங்கல் வழிகளும் உக்ரைனின் தாக்குதலில் சிதைந்ததால், நவம்பரில் ருஷ்யப் படை வலது கரையை விட்டு அகன்றது. ஸ்மியீவ்கா விடுபட்டது. ஆனால் இடது கரை ருஷ்யர் வசமே இருந்ததால், ஊருக்கு முன்னால் கிடந்த நீர்ப்பரப்பே போர்முனையாயிற்று.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஆற்றின் அமைப்பைப் பார்க்க வேண்டும். படைகள் கடக்க முடியாத அளவுக்கு நீர் அகலமானது. ஆனால் பீரங்கிக் குண்டுக்கும் ட்ரோனுக்கும் அது ஓர் எட்டுத்தான். ஆகவே போர்முனை நகராமலே கிடக்கிறது, கரையோர ஊர்கள் அன்றாடம் அடி வாங்குகின்றன. பெரிஸ்லாவ் வட்டாரச் சாலைகளில் கார்களையும் மிதிவண்டிகளையும் நடந்துபோகிறவர்களையும் சிறு ட்ரோன்கள் துரத்தித் தாக்குவது வழக்கமாகிவிட்டது. பலர் ஊரைவிட்டுப் போய்விட்டனர். சிலர் போனது கோத்லாந்துக்கு. 1929இல் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே அவர்களை ஏற்றுக்கொண்டனர்.

2023 ஜூன் 6 அன்று, ருஷ்யக் கட்டுப்பாட்டில் இருந்த காஹோவ்கா அணை தகர்க்கப்பட்டது. அணைக்குக் கீழே இருந்த ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. மேலே இருந்த ஸ்மியீவ்காவோ தண்ணீரை இழந்தது. சில நாட்களில் நீர்த்தேக்கம் வடிந்தோடிச் சேற்றுத் தரை வெளிப்பட்டது, பாசனம் நின்றது. அடுத்த கோடைக்குள் அந்தத் தரையில் வில்லோ மரக்கன்றுகள் ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து, ஒரு காடே எழுந்துவிட்டது. டாகோவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோர் புல்லறுத்த தீவுகள் 67 ஆண்டுகளுக்குப் பின் வெயிலைக் கண்டிருக்கின்றன. கரையிலிருந்து அவற்றைப் பார்க்கலாம். கண்ணிவெடிகளுக்கும் ட்ரோன்களுக்கும் அஞ்சி யாரும் இறங்கிப் போவதில்லை.